கடைசி ஐந்து மில்லிகிராம்

மனச்சோர்வு, பதற்ற மாத்திரைகளை நிறுத்தும்போது வரும் தொல்லைகள் பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களே இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதும். படிக்கும் முன் ஒரு வேண்டுகோள். இதில் வரும் மில்லிகிராம் கணக்கெல்லாம் உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுவதற்காகத் தரப்பட்டவை. நாளைக் காலையில் நீங்களாகவே மாத்திரையை உடைக்கத் தொடங்கிவிடாதீர்கள்.

டாக்டர், எனக்கு வயது 34. பதற்றத்துக்காக எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி. இரண்டு வருடம் சாப்பிட்டேன். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நானாகவே நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாளிலிருந்து தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிப்பதுபோல் 'சுரீர்' என்று ஓடுகிறது. கண்ணை உருட்டினாலும் அப்படித்தான். தலைசுற்றல், குமட்டல், விடிய விடியக் கனவு. டிவி விளம்பரம் பார்த்தால்கூட அழுகை வருகிறது. நோய் திரும்பிவிட்டதா? இல்லை, மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேனா?
*வாசகர், கோவை*

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இரண்டும் இல்லை. இவை மருந்தை விட்டதால் வரும் விலகல் அறிகுறிகள். மருத்துவர்கள் 'வித்ட்ராயல்' என்பார்கள்.

நரம்பு செல்கள் வெளியே விடும் செரட்டோனின் என்ற ரசாயனத்தை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு பம்பு இருக்கிறது. உங்கள் மாத்திரை அந்தப் பம்பை அடைத்துவைக்கிறது. வெளியே செரட்டோனின் கூடுதலாக நிற்கும். மாதக்கணக்கில் அப்படி நின்றால், அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் தங்கள் உணர்திறனைத் தணித்துக்கொண்டு புதிய நிலைமைக்குப் பழகிவிடும். மருந்து உடம்பைவிட்டு சில நாட்களில் போய்விடும். ஏற்பிகள் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

மூன்றாம் நாள் ஏன் என்பதற்கும் கணக்கு உண்டு. ரத்தத்தில் எஸ்சிட்டலோப்ராமின் அளவு பாதியாகக் குறைய சுமார் 30 மணி நேரம் ஆகும். மூன்று நாள் முடியும்போது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அங்கேதான் உடம்பு குரல் கொடுக்கத் தொடங்குகிறது. மனச்சோர்வுக்குத் தரும் மற்ற மருந்துகளில், பராக்சிட்டின் பாதியாக 21 மணி நேரம் போதும், வெனலாஃபக்சினுக்கு 5 மணி நேரமே போதும். அதனால்தான் வெனலாஃபக்சினை ஒரு வேளை மறந்தவர்களுக்கு மாலையிலேயே தலை சுற்றுகிறது.

நோய் திரும்பியதா, மருந்து விலகலா என்று பிரித்துப் பார்க்க முதலில் காலண்டரைப் பாருங்கள். நிறுத்திய அல்லது குறைத்த சில நாட்களுக்குள் தொடங்கினால் விலகல் என்றே முதலில் நினைக்க வேண்டும். மனச்சோர்வோ பதற்றமோ திரும்புவதாக இருந்தால் பெரும்பாலும் வாரங்களோ மாதங்களோ கழித்து, மெதுவாகத்தான் ஏறும். அடுத்து, மாத்திரை தொடங்குவதற்கு முன் உங்களுக்கு இல்லாத தொல்லை ஏதாவது இப்போது இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் அடிப்பது, நடந்தால் தரை ஆடுவது, காய்ச்சல் இல்லாமல் காய்ச்சல் வந்ததுபோன்ற உடல்வலி ஆகியவை பழைய நோயில் வருவதில்லை. மூன்றாவது அடையாளம் மருந்தை மறுபடி தொடங்கினால் தெரியும். விலகல் என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாளில் பளிச்சென்று சரியாகிவிடும். நோய் என்றால் அதே மருந்து வேலை செய்ய வாரங்கள் பிடிக்கும். அழுகையும் பதற்றமும் மட்டும் இரண்டு பக்கமும் பொது. ஆகவே அவற்றை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. விலகலை நோய் என்று தவறாக எடுத்துக்கொண்டு, தேவையில்லாமல் பல ஆண்டுகள் மாத்திரையிலேயே நிறுத்திவைக்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தவறு நடக்கக்கூடாது என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்.

அடிமை என்ற சொல்லை விட்டுவிடுங்கள். போதைப் பழக்கம் என்றால் மனம் அதற்காக ஏங்க வேண்டும், அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், தீங்கு தெரிந்தும் விட முடியாமல் தவிக்க வேண்டும். உங்களிடம் அது எதுவும் இல்லை. ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவர் அதைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும். அவரை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. உடல் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது செய்ய வேண்டியது: மருத்துவரை அழைத்து, எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள், எந்தத் தேதியில் என்ன தொடங்கியது என்று சொல்லுங்கள். தொல்லை தாங்க முடிகிற அளவில் இருந்தால் ஓரிரு வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லலாம். பலருக்கு அதற்குள் அடங்கிவிடும். தாங்க முடியவில்லை என்றால் பழைய அளவையே மறுபடி கொடுத்து, நிலைத்த பிறகு மெதுவாகக் குறைப்பார். நிறுத்திப் பல வாரங்கள் ஆகியிருந்தால் நேராகப் பழைய அளவுக்குப் போகக்கூடாது, குறைந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும். தலைசுற்றல் அடங்கும்வரை பைக்கைத் தொடாதீர்கள்.

எல்லோருக்கும் இப்படி வருமா என்று பயப்படவும் வேண்டாம். 2024-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த தொகுப்பாய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 31 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் அறிகுறி இருந்தது. ஆனால் வெறும் மாவு மாத்திரையை நிறுத்தியவர்களிலும் 17 சதவீதம் பேர் அதையே சொன்னார்கள். எதிர்பார்ப்பினால் வருவதைக் கழித்தால், ஆறேழு பேரில் ஒருவருக்கு மருந்தினால் வருகிறது. கடுமையாக வருவது 35 பேரில் ஒருவருக்கு. அந்த ஒருவருக்கு வருவது மிகுந்த வேதனை. அவரிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

டாக்டர் சொன்னபடியே எஸ்சிட்டலோப்ராம் 10 மி.கி.யை ஒரு மாதம் 5 மி.கி. ஆக்கினேன். ஒரு பிரச்சினையும் இல்லை. பிறகு 5 மி.கி.யை ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம் எடுத்து நிறுத்தினேன். அங்கேதான் எல்லாம் கெட்டது. பாதியைக் குறைத்தபோது வராதது, மீதிப் பாதியில் ஏன் வருகிறது?
*வாசகி, திருச்சி*

மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாத்திரையின் அளவும் அது மூளையில் அடைக்கும் பம்புகளின் அளவும் ஒன்றாகக் குறைவதில்லை. மூளை ஸ்கேன் ஆய்வுகளிலிருந்து, உங்கள் மாத்திரைக்கு நெருங்கிய உறவான சிட்டலோப்ராமுக்குக் கிடைத்த கணக்கு இது. 60 மி.கி. சுமார் 88 சதவீதப் பம்புகளை அடைக்கிறது. 20 மி.கி. அடைப்பது 80 சதவீதம். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தும் இழப்பு வெறும் 8. ஏறக்குறைய 9 மி.கி.யில் 70, 5.4 மி.கி.யில் 60, 3.4 மி.கி.யில் 50, 2.3 மி.கி.யில் 40, 1.5 மி.கி.யில் 30, 0.8 மி.கி.யில் 20 சதவீதம். ஆக, 20-லிருந்து 9-க்கு இறங்கினால் மூளை இழப்பது பத்து சதவீதம். 5-லிருந்து பூஜ்யத்துக்கு இறங்கினால் இழப்பு அறுபது சதவீதம்! மாடியிலிருந்து படிப்படியாக இறங்கிவந்து, கடைசியில் ஐந்தாறு படிகளை ஒரேயடியாகத் தாண்டிக் குதிப்பதுபோல.

நீங்கள் சாப்பிடும் எஸ்சிட்டலோப்ராம், சிட்டலோப்ராமின் வேலை செய்யும் பாதி. அதன் 10 மி.கி. ஏறக்குறைய சிட்டலோப்ராம் 20 மி.கி.க்குச் சமம். உங்கள் 5 மி.கி.யும் 70 சதவீதத்தைப் பிடித்துவைத்திருந்தது. கால் துண்டு என்று அலட்சியமாக நினைக்கும் 1.25 மி.கி.கூட 40 சதவீதத்தை அடைக்கும்.

இதை 2019-ல் மார்க் ஹோரோவிட்ஸ், டேவிட் டெய்லர் இருவரும் எழுதிய கட்டுரை தெளிவாக்கியது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட மனச்சோர்வு வழிகாட்டியும் அதையே சொல்கிறது: ஒவ்வொரு முறையும் ஒரே மில்லிகிராமைக் கழிக்காமல், அப்போது எடுக்கும் அளவில் ஒரு பங்கைக் குறையுங்கள்; கீழே வர வர அந்தப் பங்கும் சிறியதாகட்டும்.

10 மி.கி.யில் இருக்கும் ஒருவருக்கு ஒரு மாதிரி வரிசை: 10, 7.5, 5, 3.75, 2.5, 1.75, 1.25, 0.8, 0.5, பிறகு நிறுத்தல். ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம். ஒரு படியில் தொல்லை வந்தால் அடங்கும்வரை அங்கேயே நில்லுங்கள். அடங்கவில்லை என்றால் ஒரு படி மேலே ஏறி நின்று, அடுத்த முறை பாதி அளவு மட்டும் இறங்குங்கள். சில மாத காலமே சாப்பிட்டவருக்கு இவ்வளவு படிகள் தேவைப்படாது, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம். முன்பு நிறுத்த முயன்று தோற்றவருக்கும், பல ஆண்டு சாப்பிட்டவருக்கும் ஒரு வருடம்கூட ஆகலாம்.

7.5-க்கு 5 மி.கி. மாத்திரை ஒன்றரை. 2.5-க்கு அரை. 1.25-க்குக் கால். சமையலறைக் கத்தி வேண்டாம், மருந்துக்கடையில் கிடைக்கும் பில் கட்டர் வாங்குங்கள். வெட்டிய துண்டுகள் சமமாக வராது என்பதால், ஒரே மாத்திரையின் துண்டுகளை அடுத்தடுத்த நாட்களில் எடுத்து முடித்துவிட்டு அடுத்த மாத்திரையை வெட்டுங்கள். அப்போது கூடுதல் குறைவு சமனாகிவிடும். கால் துண்டுக்குக் கீழே வெட்டுவது நடக்காத காரியம். அங்கேயும், 1.75 போன்ற அளவுக்கும் திரவ மருந்துதான் வழி. வெவ்வேறு தயாரிப்புகள் வெவ்வேறு செறிவில் வரும். ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று லேபிளில் படித்த பிறகே அளக்க வேண்டும். டீஸ்பூனால் அளக்காதீர்கள். ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சு போதும். உங்கள் ஊரில் திரவம் கிடைக்கவில்லை என்றால், திரவத்தில் கிடைக்கும் வேறொரு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

'ஒருநாள் விட்டு ஒருநாள்' யோசனையை இனியாவது கைவிட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. 30 மணி நேரத்தில் பாதியாகும் மருந்தை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால், அடுத்த மாத்திரைக்கு முன் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். தினமும் ஏற்றமும் இறக்கமும். குறைப்பது என்ற பெயரில் நாள்தோறும் ஒரு சிறிய விலகலை உண்டாக்குகிறோம். தினமும் சிறிய அளவு எடுப்பதே சரி. ஃப்ளூவாக்சிட்டின் மட்டும் விதிவிலக்கு. அது உடம்பில் வாரக்கணக்கில் தங்குவதால் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தாலும் ஏறி இறங்காது.

அம்மாவுக்கு சர்க்கரை. கால் எரிச்சலுக்கு டூலாக்சிட்டின் 60 மி.கி. கேப்ஸ்யூல் தருகிறார்கள். கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது மாத்திரை தீர்ந்துவிட்டது. இரண்டாம் நாளே வாந்தி, வியர்வை, தலைசுற்றல், காரணமில்லாத கோபம். சர்க்கரை இறங்கிவிட்டது என்று எல்லோரும் இனிப்பைக் கொடுத்தார்கள்.
*வாசகர், திருநெல்வேலி*

சந்தேகம் வந்தால் முதலில் குளுக்கோமீட்டரில் பார்ப்பதுதான் முறை. 70-க்குக் கீழே இருந்தால் இனிப்பு கொடுங்கள். 150, 160 என்று காட்டும்போது வியர்த்தால் காரணம் வேறு. அம்மாவுக்கு வந்தது டூலாக்சிட்டின் விலகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இந்த மருந்து சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும்.

இது மனச்சோர்வு மாத்திரையும்கூட என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நரம்பு வலிக்கு எழுதும்போது அந்தப் பேச்சே வராது. தலைவலிக்கும் முதுகுவலிக்கும் இரவில் தரும் அமிட்ரிப்டிலின் 10 மி.கி.யும் இதே கதைதான். அதைத் திடீரென விட்டால் தூக்கம் கெடும், வயிறு கலங்கும், வாயில் எச்சில் ஊறும்.

கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருப்பதைப் பொடிக்கக்கூடாது. அந்தக் குருணைகளின் மேல் ஒரு பூச்சு இருக்கிறது. வயிற்று அமிலத்தில் இந்த மருந்து சிதைந்துவிடும் என்பதற்காகப் போட்ட பூச்சு அது. மென்றாலோ பொடித்தாலோ மருந்து வீண். குறைக்க வேண்டுமானால் 60-லிருந்து 40, 30, 20 என்று சிறிய கேப்ஸ்யூல்களாக மாற்றி எழுதச் சொல்லுங்கள். 20-க்குக் கீழே போக வேண்டியவர்களுக்குக் குருணைகளை எண்ணிக் குறைக்கும் முறை உண்டு. மருத்துவரும் மருந்தாளுநரும் கூடவே இருந்து காட்டினால் ஒழிய அதைச் செய்ய வேண்டாம். நாள் முழுவதும் மெதுவாக வேலை செய்யும்படி தயாரித்த டெஸ்வெனலாஃபக்சின், பராக்சிட்டின் சி.ஆர். மாத்திரைகளையும் உடைக்கக்கூடாது. உடைத்தால் நாள் முழுவதும் வர வேண்டியது ஒரே நேரத்தில் வந்துவிடும்.

அம்மாவின் பையில் பத்து நாள் மாத்திரை எப்போதும் தனியாக இருக்கட்டும்.

கணவர் சாப்பிடும் மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின்னால் 'ப்ளஸ்' என்று இருக்கிறது. ஒரு வருடமாகச் சாப்பிட்டு, போன வாரம் மொத்தமாக விட்டுவிட்டார். நான்கு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லை. கை நடுங்குகிறது. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது.
*வாசகி, சேலம்*

தாயே, இதைப் படித்ததும் அவரை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த வாரம் என்று தள்ளாதீர்கள்.

அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் மருந்துப் பெயர்கள் இருக்கும். 'எஸ்சிட்டலோப்ராம்' என்பதற்குக் கீழே 'குளோனசெபாம் 0.5 மி.கி.' என்று இருக்கிறதா பாருங்கள். நம் நாட்டில் இந்தக் கலவை மாத்திரை மிகப் பரவலாக எழுதப்படுகிறது. குளோனசெபாம் வேறு குடும்பத்து மருந்து. ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட்டுத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, குழப்பம் வரும், வலிப்பும் வரலாம். எஸ்சிட்டலோப்ராமை நிறுத்தினால் வருவது வேதனை. குளோனசெபாமைத் திடீரென நிறுத்துவது ஆபத்து. அவருக்கு வலிப்பு வந்தாலோ, ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ 108-ஐ அழையுங்கள். தூக்கம் வரட்டும் என்று மது கொடுக்கவே கூடாது.

கலவை மாத்திரையை வைத்துக்கொண்டு ஒழுங்காகக் குறைக்க முடியாது. பாதியாக வெட்டினால் இரண்டு மருந்தும் சேர்ந்து பாதியாகும். இரண்டையும் தனித்தனி அட்டையாக எழுதித் தரச் சொல்லுங்கள். ஒன்றைக் குறைக்கும்போது மற்றதை அசைக்கக்கூடாது. எதை முதலில் என்பதை அவரைப் பரிசோதிக்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். அமிட்ரிப்டிலினோடு, குளோனசெபாமின் குடும்பத்தைச் சேர்ந்த குளோர்டயசெபாக்சைடு சேர்ந்த மாத்திரைகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தம்பி செர்ட்ரலினை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறான். "உள்ளே யாரோ பிசைகிற மாதிரி இருக்கு, இப்படி இருக்கிறதுக்குச் செத்துப்போகலாம்" என்கிறான். வித்ட்ராயல்தானே, தானாகப் போய்விடும் என்கிறார்கள்.
*வாசகி, சென்னை*

தானாகப் போகட்டும் என்று விடக்கூடாத நிலை இது. உட்கார முடியாமல் அலைக்கழிக்கும் இந்த உள் தவிப்புக்கு அகதீசியா என்று பெயர். அது தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடியது. இன்றே மனநல மருத்துவரிடமோ, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ அழைத்துப் போங்கள். அதுவரை தம்பியைத் தனியே விடாதீர்கள். வீட்டில் இருக்கும் மாத்திரைகள், பூச்சிமருந்து எல்லாவற்றையும் கைக்கெட்டாமல் எடுத்துவையுங்கள். சாக வேண்டும்போல இருக்கிறதா என்று அவனிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எந்த நேரமும் இலவசமாகப் பேச டெலி-மானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926.

வெனலாஃபக்சின் குளிசையை விட மூன்று தரம் முயன்றுவிட்டேன். 75-லிருந்து 37.5-க்கு வந்து நிற்கிறேன். அதற்குக் கீழே அளவு இல்லை என்கிறார்கள். வேறு குளிசைக்கு மாற்றி நிறுத்தலாம் என்று வைத்தியர் சொல்கிறார். சரியா?
*வாசகர், யாழ்ப்பாணம்*

உங்கள் வைத்தியர் சொல்வது நெடுநாளாகக் கையாளப்படும் முறைதான். பெரும்பாலும் மாற்றுவது ஃப்ளூவாக்சிட்டினுக்கு. அது உடலில் மாறி உண்டாகும் நார்ஃப்ளூவாக்சிட்டின், பாதியாகக் குறையவே 4 முதல் 16 நாட்கள் எடுக்கும். விட்டுவிட்டால் தானே மெதுவாக இறங்கும், இயற்கையாகவே ஒரு சரிவு அமைந்துவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கை. மாற்றும் நாட்களில் இரண்டும் சேர்ந்து செரட்டோனினை மிகவும் கூட்டிவிடக்கூடும். காய்ச்சல், கை கால் உதறல், வயிற்றோட்டம், குழப்பம் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனை. ஆகவே மாற்று அட்டவணையை வைத்தியர் தாளில் எழுதித் தரட்டும். அடுத்தது, ஃப்ளூவாக்சிட்டினை விட்ட முதல் வாரம் நன்றாக இருந்தால் முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அதன் விலகல் நிறுத்திப் பல வாரம் கழித்தும் தலைகாட்டும். அப்போது அதை நோய் திரும்பியதாக எடுத்துக்கொள்வது எளிது. நிறுத்திய தேதியைக் குறித்துவைத்திருந்தால் அந்தத் தவறு வராது. வெனலாஃபக்சின் குறையும் நாட்களில் ரத்த அழுத்தத்தையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

மகளுக்கு நாள் தள்ளிப்போய் கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. செர்ட்ரலின் 50 சாப்பிடுகிறாள். குழந்தைக்கு ஆகாது, இன்றைக்கே நிறுத்து என்கிறார் சம்பந்தியம்மா.
*வாசகி, தஞ்சாவூர்*

இன்றைக்கே நிறுத்தக்கூடாது. கர்ப்பத்தில் மனச்சோர்வு கடுமையாகத் திரும்பினால் தாய்க்கும் குழந்தைக்கும் அதுவே கேடு. கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் மிக அதிகம் பயன்படுத்தப்பட்டு வரும் மருந்துகளில் செர்ட்ரலின் ஒன்று. தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். பராக்சிட்டின் என்றால் கதை வேறு, முதல் மூன்று மாதத்தில் அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். மகப்பேறு மருத்துவரையும் மனநல மருத்துவரையும் ஒருவரோடு ஒருவர் பேசவையுங்கள். பிறந்த குழந்தை முதல் சில நாள் சற்று நடுக்கமாகவோ சிணுங்கலாகவோ இருக்கலாம். பிரசவ நேரத்தில் குழந்தை மருத்துவருக்கு இந்த மாத்திரை விவரம் தெரிந்திருக்க வேண்டும். சம்பந்தியம்மாவையும் ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

எப்போது நிறுத்தத் தொடங்கலாம்? குறைக்கிற நாட்களில் வீட்டில் என்ன செய்யலாம்? சளி மருந்து, வலி மாத்திரை சாப்பிடலாமா?
*வாசகர், மதுரை*

முதல்முறை மனச்சோர்வு என்றால், நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும். இரண்டு மூன்று முறை வந்து போனவருக்கு இரண்டு ஆண்டு, சில சமயம் அதற்கு மேலும். நிறுத்துவதில் உள்ள இடரையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரிட்டனில் நடந்த ஆன்ட்லர் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. பல ஆண்டு மருந்து சாப்பிட்டு நன்றாக இருந்தவர்களில், தொடர்ந்து சாப்பிட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மனச்சோர்வு திரும்பியது. நிறுத்தியவர்களில் 56 சதவீதம். இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் நன்றாகவே இருந்தார்கள். பிள்ளைக்குப் பொதுத்தேர்வு, வீடு மாற்றம், வேலை மாற்றம், வீட்டில் துக்கம் நடக்கும் காலத்தில் தொடங்காதீர்கள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தினமும் ஒரு வரி போதும்: தேதி, எடுத்த அளவு, தூங்கிய மணி, தொல்லைக்குப் பத்துக்கு எத்தனை மார்க். விலகல் அலை அலையாக வரும். இரண்டு நாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் அடிக்கும்போது 'போகவே போகாது' என்று தோன்றும். நோட்டைப் புரட்டினால் அலைகளுக்கு இடையே உள்ள நாட்கள் நீண்டுவருவது தெரியும். மருத்துவருக்கும் அதைவிட நல்ல தகவல் இல்லை. வீட்டில் ஒருவருக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும். உங்கள் எரிச்சலுக்குக் காரணம் நீங்கள் அறியும் முன் அவர்களுக்குத்தான் புரியும்.

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். குமட்டலுக்கு, வயிறு காலியாக இல்லாமல் சாப்பிட்ட பின் எடுப்பது உதவும். படுக்கையிலிருந்து சட்டென எழாமல் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுங்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். மது தூக்கத்தையும் மனநிலையையும் மறுநாள் இன்னும் கெடுக்கும். காலை வெயிலில் அரைமணி நடப்பது பலருக்குத் தூக்கத்தைச் சீராக்குகிறது.

இருமல் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால் வேண்டாம். வலிக்கு டிரமடால் வேண்டாம். இரண்டும் இந்த மருந்துகளோடு சேர்ந்து செரட்டோனினைக் கூட்டும், டிரமடால் வலிப்புக்கும் வழிவகுக்கும். தலைவலி, உடல்வலிக்குப் பாராசிட்டமால் போதும். 'இயற்கையானது' என்று விற்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மாத்திரையும் செரட்டோனினைக் கூட்டும். பொடி, லேகியம் எதுவானாலும் அதில் என்ன இருக்கிறது என்பதை மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடுங்கள்.

கல்யாண அலைச்சலில் இரண்டு நாள் மாத்திரையை மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் மூன்றையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?
*வாசகி, ஈரோடு*

கூடாது. ஞாபகம் வந்த அன்று வழக்கமான ஒன்றை மட்டும் எடுங்கள். அடுத்த வேளைக்கு இன்னும் சில மணி நேரம்தான் இருக்கிறது என்றால், விட்டதை விட்டுவிட்டு அடுத்ததை நேரத்துக்கு எடுங்கள். அந்த இரண்டு நாளில் தலை சுற்றியதா, கரண்ட் அடித்ததா என்று மட்டும் நினைவுபடுத்தி நோட்டில் குறித்துவையுங்கள். பிற்பாடு நிறுத்தும் காலம் வரும்போது, உங்களுக்கு எத்தனை மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கணிக்க அந்தக் குறிப்பு உதவும்.